ஆர்ஸ் கிராமத்துப் பங்குச்சாமியார்

மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரவேண்டும் என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். இவன் இன்ஜினியர்தானே, விசுவேசுவரய்யாவைப் பற்றியோ எடிசனைப் பற்றியோ எழுதுவான் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எழுத நம் சங்கத்தில் ஆள் நிறைய உண்டு. நான் எடுத்துக்கொண்டவர் எதையும் கண்டுபிடித்தவர் அல்ல. பரீட்சையில் தோற்றவர். பட்டாளத்துக்குப் போகிற வழியில் தலைமறைவானவர். பிறகு நாற்பத்தொரு வருஷம் ஒரே குக்கிராமத்தில் பங்குச்சாமியாராக இருந்து, அங்கேயே கண்ணை மூடியவர். அவர்தான் புனித ஜான் மரிய வியான்னி.

ஆனால் இந்த மனிதரைப் பார்ப்பதற்காகப் பிரான்சு நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் பேச்சைக் கேட்க வந்தவர்களைவிட, தங்கள் பேச்சை அவர் காதில் போட வந்தவர்களே அதிகம். பேச வந்த விஷயம் வேறொன்றுமில்லை, அவரவர் செய்த பாவம்!

பாவசங்கீர்த்தனம் என்றால் என்ன?

நம் கல்லூரியில் எல்லா மதத்தவரும் படித்திருக்கிறோம். ஆகவே விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபையில் ஏழு அருட்சாதனங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, தான் செய்த பாவத்தை ஒரு குருவிடம் வாய்விட்டுச் சொல்லி, அவர் மூலமாகக் கடவுளின் மன்னிப்பைப் பெறுவது. நம் தாத்தா பாட்டி காலத்தில் இதற்குப் பாவசங்கீர்த்தனம் என்று பெயர். இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறோம். வருஷத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்யவேண்டும் என்று 1215ஆம் ஆண்டிலேயே நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்துவிட்டது. கேட்கிற குருவானவர் உயிரே போவதானாலும் அதை வெளியே சொல்லக் கூடாது.

தமிழுக்கும் இது நேற்று வந்த சமாச்சாரம் அல்ல. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார், பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்வதற்கென்றே ஒரு தமிழ் நூலை 1580இல் கொச்சியில் அச்சிட்டார். கொம்பெசியோனாயரு என்று அதற்குப் பெயர். தமிழில் அச்சேறிய மிகப் பழைய நூல்களில் அதுவும் ஒன்று.

ஞானோபதேச வகுப்பில் இதற்கு ஐந்து காரியங்கள் தேவை என்று மனப்பாடம் செய்வோம். செய்ததை யோசித்துப் பார்க்கவேண்டும், அதற்காக மனம் வருந்தவேண்டும், இனிச் செய்வதில்லை என்று தீர்மானிக்கவேண்டும், குருவிடம் சொல்லவேண்டும், அவர் கொடுக்கும் பரிகாரத்தைச் செய்யவேண்டும். இந்த ஐந்தில் நாலாவதுதான் எல்லோருக்கும் கஷ்டம். கடவுளிடம் நேராகச் சொன்னால் ஆகாதா, இன்னொரு மனுஷனிடம் ஏன் சொல்லவேண்டும் என்ற கேள்வி எங்கள் ஹாஸ்டலிலேயே பல ராத்திரி விவாதத்தைக் கிளப்பியிருக்கிறது. அந்தக் கேள்விக்குத் தர்க்கத்தால் பதில் சொல்வதைவிட, இந்த மனிதரின் வாழ்க்கையைச் சொல்வது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடிகாரத்தின் அடியில்

பிரான்சில் லியோன் நகருக்குப் பக்கத்தில் டார்டில்லி என்ற கிராமம். 1786ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் நாலாவது குழந்தையாக ஜான் மரிய வியான்னி பிறந்தார். பெரிய வசதி கிடையாது. ஆனால் வழிப்போக்கருக்கும் பிச்சைக்காரருக்கும் அந்த வீட்டில் எப்போதும் சோறு உண்டு, படுக்க இடம் உண்டு.

சிறுவனுக்கு மூன்று வயதாகும்போது பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அரசாங்கத்துக்கு விசுவாசப் பிரமாணம் செய்யாத குருக்கள் வேட்டையாடப்பட்டார்கள். பலர் கில்லட்டினுக்குப் பலியானார்கள். மிஞ்சியவர்கள் தச்சராகவும் சமையற்காரராகவும் வேஷம் போட்டுக்கொண்டு, ராத்திரி வேளைகளில் தொழுவங்களிலும் வீடுகளிலும் ரகசியமாகப் பூசை வைத்தார்கள். வியான்னி குடும்பம் இருட்டில் நடந்துபோய் அந்தப் பூசைகளில் கலந்துகொண்டது.

1797இல், பதினோரு வயதில், அப்படி மறைந்து வாழ்ந்த குரோபோ என்ற குருவிடம்தான் ஜான் முதன்முதலாகப் பாவசங்கீர்த்தனம் செய்தான். கோயிலில் அல்ல, தன் வீட்டிலேயே, பெரிய கடிகாரம் ஒன்றின் அடியில். இரண்டு வருஷம் கழித்து எக்குல்லி என்ற ஊரில் ஒரு வீட்டில் முதல் நற்கருணை வாங்கினான். உள்ளே நடப்பது வெளியே தெரியாதிருக்க, ஜன்னல்களுக்கு முன்னால் வைக்கோல் வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஒரு மனுஷன் தன் குற்றத்தை வந்து சொல்வதற்காக, அதைக் கேட்பதற்காக இன்னொரு மனுஷன் தன் தலையைப் பணயம் வைக்கிறான். இதைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்த பையனுக்கு, பாவசங்கீர்த்தனம் என்பது வெறும் சடங்காக எப்படித் தோன்றும்?

படிப்பு ஏறவில்லை

நெப்போலியன் பாப்பரசரோடு 1801இல் உடன்படிக்கை செய்துகொண்டபின் கோயில்கள் திறந்தன. ஜானுக்குக் குருவாக வேண்டும் என்று ஆசை. வயலில் ஆள் வேண்டுமே என்று தகப்பனார் தடுத்தார். கடைசியில் 1806இல், இருபது வயதில்தான், எக்குல்லியில் பல்லே அடிகளார் நடத்திய சிறு பள்ளியில் சேர அனுமதி கிடைத்தது.

கலப்பை பிடித்த கைக்கு லத்தீன் இலக்கணம் வசப்படவில்லை. கூடப் படித்தவர்கள் எல்லாம் சின்னப் பையன்கள். அவர்களில் ஒருவன் மத்தியாஸ் லோராஸ், கெட்டிக்காரன். ஒருநாள் ஜானுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பார்த்துப் பொறுமை இழந்து, எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்துவிட்டான். இருபது வயது ஆள் என்ன செய்திருக்கவேண்டும்? ஜான் முழங்காலில் நின்று, உன் பொறுமையைச் சோதித்துவிட்டேன் என்று அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டார். பையன் அழுதுவிட்டான். அதன்பிறகு இருவரும் ஆயுள்கால நண்பர்கள். அந்த லோராஸ் பிற்காலத்தில் அமெரிக்கா போய் டுபூக் மறைமாவட்டத்தின் முதல் ஆயர் ஆனார்.

இந்தச் சம்பவத்தை இங்கே குறிப்பிட ஒரு காரணம் இருக்கிறது. சமாதானம் என்பது தப்பு செய்தவன்தான் முதலில் ஆரம்பிக்கவேண்டிய காரியம் என்று நாமெல்லாம் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். இங்கே அடி வாங்கியவர் முதலில் மண்டியிட்டார். அதனால்தான் அடித்தவனால் தன் தப்பைப் பார்க்க முடிந்தது.

தலைமறைவு

1809இல் நெப்போலியனின் ஸ்பெயின் யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது வியான்னிக்கும் அழைப்பு வந்தது. சேர்ந்த கையோடு காய்ச்சலில் விழுந்து லியோனிலும், பிறகு ரோவான் ஊரிலும் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தேறி வந்தபோது அவருடைய படைப்பிரிவு கிளம்பிப் போய்விட்டிருந்தது. பின்தொடர்ந்து போகிற வழியில் ஓர் இளைஞன் அவரை மலைக்காட்டுக்குள் அழைத்துப்போய், லே நோ என்ற கிராமத்தில் சேர்த்துவிட்டான். பட்டாளத்திலிருந்து நழுவியவர்கள் ஒளிந்திருந்த இடம் அது. ஜெரோம் வின்சென்ட் என்ற பொய்ப் பெயரில், ஃபாயோ என்ற விதவைத் தாயின் பண்ணையில் ஒரு வருஷத்துக்கு மேல் மறைந்திருந்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஜெண்டர்மேரி என்ற காவல்படை தேடி வந்தபோது வைக்கோல் போருக்குள் மூச்சுத் திணறக் கிடந்தார். 1810இல் நெப்போலியனின் மறுமணத்தை ஒட்டிப் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. அவருக்குப் பதிலாக அவருடைய தம்பி பட்டாளத்துக்குப் போனார். 1811இல் வீடு திரும்பிய சில வாரங்களிலேயே தாயார் காலமானார்.

புனிதர் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் மென்று விழுங்குவது வழக்கம். மறைக்கவேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாக இருந்து, பொய்ப் பெயரில் வாழ்ந்து, பொதுமன்னிப்பால் வெளியே வந்தவர் அவர். பிற்காலத்தில் ராத்திரி பகலாக அவர் முன்னால் வந்து நின்றவர்களின் பயம் எப்படியிருக்கும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பரீட்சை

1813இல் லியோன் பெரிய குருமடத்தில் சேர்ந்தார். பாடம் முழுக்க லத்தீன். கேள்வியே புரியவில்லை என்றால் பதில் எங்கிருந்து வரும்? சில மாதங்களில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பல்லே அடிகளார் விடவில்லை. பிரெஞ்சு மொழியில் பாடம் சொல்லிக்கொடுத்து, அதிகாரிகளிடம் வாதாடி, பிரெஞ்சிலேயே கேட்டுப் பாருங்கள் என்றார். கேட்டார்கள், தெளிவாகப் பதில் வந்தது. அரியர் வைத்திருக்கும் தம்பிகள் கவனிக்கவேண்டும். அவருக்குத் தெரியாமல் இருந்தது பாடம் அல்ல, பாடம் நடந்த மொழி. இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு ஆசிரியருக்குத்தான் பொறுமை இருந்தது.

1815 ஆகஸ்ட் 13ஆம் தேதி, வாட்டர்லூ யுத்தம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், சுமார் நூறு கிலோமீட்டர் தனியாக நடந்துபோய் கிரெனோபிள் நகரில் குருப்பட்டம் பெற்றார். வயது 29. எக்குல்லியில் பல்லே அடிகளாருக்கே உதவிக் குருவாக நியமித்தார்கள். ஆனால் பாவசங்கீர்த்தனம் கேட்க உடனே அதிகாரம் கொடுக்கவில்லை. இவர் படிப்பு அதற்குப் போதுமா என்ற சந்தேகம்தான். சில மாதம் கழித்து அனுமதி வந்தபோது அவரிடம் முதன்முதலாகப் பாவசங்கீர்த்தனம் செய்தவர் யார் தெரியுமா? அவருடைய ஆசிரியர் பல்லே அடிகளாரேதான். மாணவன் முன்னால் குரு மண்டியிட்டார். இதைவிடப் பெரிய பட்டமளிப்பு விழா எந்தக் கல்லூரியில் நடந்திருக்கும்?

ஆர்ஸ்

பல்லே அடிகளார் 1817 டிசம்பரில் இறந்துபோனார். மறு வருஷம் பிப்ரவரியில் வியான்னியை ஆர்ஸ் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். லியோனுக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். ஜனத்தொகை இருநூற்று முப்பது போல. அவர் போனபோது மூடுபனியில் வழி தெரியவில்லை. ஆடு மேய்த்த ஒரு பையன் வழி காட்டினான். அந்த இடத்தில் இன்று ஒரு சிலை நிற்கிறது.

அவ்வளவு சின்ன ஊரில் நாலு சாராயக் கடை. ஞாயிற்றுக்கிழமையும் வயல் வேலை. கோயில் காலி. சாமியார் தன் வீட்டிலிருந்த நல்ல மரச்சாமான்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாரத்துக்கு ஒரு முறை உருளைக்கிழங்கு வேகவைத்து, அதையே நாள்கணக்கில் வைத்துச் சாப்பிட்டார். விடியுமுன் கோயிலில் போய் முழங்காலில் இருந்தார். 1824இல் ஏழைப் பெண்பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளியும் விடுதியும் தொடங்கினார். அதை நடத்தியவர்களும் கிராமத்துப் பெண்களே. அவர்களில் கத்தரின் லசாஞ் முக்கியமானவர்.

ஆரம்பத்தில் அவர் ரொம்பக் கண்டிப்பு. கூத்தும் நடனமும் அறவே கூடாது என்றார். விடமாட்டேன் என்கிறவர்களுக்குப் பாவமன்னிப்புக் கொடுக்காமல் மாதக்கணக்கில் திருப்பி அனுப்பினார். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் குருக்கள் பலருக்கும் அப்படித்தான் பயிற்சி. ஜான்சனியம் என்ற கடும்போக்கின் நிழல் அது. மன்னிப்பு என்பது தகுதி வந்தபின் கிடைக்கும் பரிசு என்ற மாதிரி நினைத்தார்கள்.

இந்த இடத்தில்தான் அவருடைய வாழ்க்கையில் ஒரு திருப்பம். 1830களில் இத்தாலியரான புனித அல்போன்ஸ் லிகோரியாரின் ஒழுக்க இறையியல் பிரான்சில் பரவியது. பாவியைத் தகப்பனைப்போல நடத்தவேண்டும், மருத்துவனைப்போலக் கவனிக்கவேண்டும் என்பது அதன் போக்கு. அதைப் படித்ததும், அதைவிட முக்கியமாக ஆயிரக்கணக்கான ஜனங்களின் கதையைக் காதால் கேட்டதும் சேர்ந்து, வியான்னியை மாற்றிவிட்டன. வருத்தம் நிஜம் என்று கண்டால் தாமதமில்லாமல் மன்னிப்பு அளித்தார். பரிகாரத்தைச் சின்னதாகக் கொடுத்துவிட்டு, மீதியைத் தானே உபவாசமாகவும் ஜெபமாகவும் செய்தார். வருந்தாமல் பாவத்தை ஒப்பிப்பவர் வந்தால், அந்த ஆளுக்காக இவர் அழுதார். கண்டிப்பானவர் காலப்போக்கில் இன்னும் கண்டிப்பாவதைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம். வயதாக ஆக இளகியவர்கள் அபூர்வம்.

பதினாறு மணி நேரம்

1827 வாக்கில் வெளியூர் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1855 வாக்கில் ஆண்டுக்கு இருபதாயிரம் பேர் என்று கணக்கு. லியோனிலிருந்து தினசரி கோச்சு வண்டி ஓடியது. ரயில் வந்தபின் லியோன் ஸ்டேஷனில் ஆர்ஸ் யாத்திரிகர்களுக்கென்று எட்டு நாள் செல்லுபடியாகும் டிக்கெட் கொடுத்தார்கள். ஏன் எட்டு நாள் என்றால், முறை வருவதற்கு அத்தனை நாள் காத்திருக்க வேண்டியிருந்தது!

கடைசிப் பத்து வருஷங்களில் நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம்கூட அவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருந்தார். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கே கோயில் கதவைத் திறந்துவிடுவார். காலையில் பூசை. பதினோரு மணிக்கு ஜனங்களுக்கு ஞானோபதேசம். நின்றபடியே சில நிமிஷத்தில் மதியச் சாப்பாடு. நோயாளிகளைப் பார்த்துவிட்டு மறுபடி தொட்டிக்குள். குளிர்காலத்தில் கால் விறைத்துப்போகும். கோடையில் அந்தச் சின்னக் கோயிலுக்குள் ஜனநெருக்கத்தில் மூச்சு விடமுடியாது. எட்டு மணி நேர ஷிப்டுக்கே முணுமுணுக்கும் நாம் இதை யோசித்துப் பார்க்கவேண்டும். அவர் கேட்டது பாட்டுக் கச்சேரி அல்ல. காலையிலிருந்து ராத்திரிவரை மனுஷர்களின் திருட்டும் துரோகமும் வெட்கமும்தான்.

1852இல் வில்ஃபிரான்ஷ் ஊரைச் சேர்ந்த டோரெல் என்ற பூச்சு வேலைக்காரர், ஒரு நண்பர் கூப்பிட்டார் என்பதற்காக வேடிக்கை பார்க்க வந்தார். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று தோளில் துப்பாக்கி, கூடவே அருமையான வேட்டை நாய். கூட்டத்தைக் கடந்து போன சாமியார் நின்று நாயைப் பார்த்தார். உன் ஆத்துமமும் இந்த நாயைப்போல அழகாயிருந்தால் நன்றாயிருக்குமே என்ற பொருள்படச் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். டோரெல் துப்பாக்கியையும் நாயையும் ஒப்படைத்துவிட்டு உள்ளே போய் அழுதார். பிறகு எக்பெல் மடத்தில் சேர்ந்து துறவியாகவே வாழ்ந்து மடிந்தார்.

கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். சுவரில் விரிசல் விட்டால் மேலே ஒரு பூச்சுப் பூசி, பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம். அடுத்த மழைக்கு அதே இடத்தில் வாய் பிளக்கும். சரியான முறை, விரிசலை இன்னும் கொஞ்சம் கொத்தி அகலமாக்கி, உள்ளே இருக்கும் தூசியைச் சுத்தம் செய்து, அப்புறம் அடைப்பது. பார்க்க அசிங்கமாயிருக்கும், வலுவாயிருக்கும். வாய்விட்டுச் சொல்வது என்பது அந்தக் கொத்துகிற வேலைதான். மனசுக்குள்ளேயே கடவுளிடம் சொல்லிக்கொள்ளும்போது நாம் எவ்வளவு சாமர்த்தியமாக வார்த்தைகளைத் தேர்ந்தெடுக்கிறோம்! காது கேட்கிற இன்னொரு மனுஷன் எதிரில் இருந்தால் அந்தச் சாமர்த்தியம் பாதியில் நின்றுவிடுகிறது.

இன்னொரு நிகழ்ச்சியைப் பலரும் சொல்வார்கள். பாலத்திலிருந்து குதித்து உயிரை மாய்த்துக்கொண்ட ஒருவரின் மனைவி, இடிந்துபோய் ஆர்ஸுக்கு வந்தார். தற்கொலை செய்துகொண்டவருக்குக் கோயில் அடக்கமே மறுக்கப்பட்ட காலம் அது. கணவர் ஆத்துமம் என்றைக்கும் மீளாது என்று ஊரே தீர்ப்புச் சொல்லியிருந்தது. கூட்டத்தில் நின்ற அந்த அம்மாளிடம் சாமியார் தாமாகவே வந்து, பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையே மனம் வருந்த அவருக்கு நேரம் இருந்தது, அவர் மீட்கப்பட்டார் என்று தெரிவித்தாராம். அந்த ஒரு விநாடிக்குள் கடவுளின் இரக்கம் நுழைய இடமுண்டு என்று, திருச்சபைச் சட்டம் கடுமையாயிருந்த நாளிலேயே அவர் நம்பினார்.

இதைச் சொல்லும்போது, ரிசல்ட் வரும் நாள்களில் நாம் பத்திரிகையில் படிக்கும் செய்திகள் எனக்கு ஞாபகம் வருகின்றன. இதைப் படிக்கும் தம்பி தங்கைகளே, அந்த அம்மாளுக்குச் சொன்ன ஆறுதல் பின்னால் தங்கிவிட்டவர்களுக்கானது. உங்களுக்கு அதைவிட எளிய வழி திறந்திருக்கிறது. பாரம் தாங்கவில்லை என்றால் யாரிடமாவது போய்ச் சொல்லுங்கள். சாமியாராக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆசிரியர், அக்கா, ரூம்மேட், வார்டன் யாராக இருந்தாலும் சரி. பரீட்சையில் தோற்று வெளியே அனுப்பப்பட்ட ஒருவரின் படம்தான் இன்று உலகமெங்கும் பங்குக் குருக்களின் வீடுகளில் தொங்குகிறது.

தனக்கே தகுதியில்லை என்று

இத்தனை பேரைச் சமாதானப்படுத்தியவருக்குத் தன்னோடு சமாதானம் எளிதாயிருக்கவில்லை. நான் படிக்காதவன், இந்தப் பங்குக்குத் தகுதியற்றவன், ஏதாவது ஒரு மூலையில் போய் என் பாவத்துக்கு அழவேண்டும் என்பதே அவருடைய ஏக்கம். 1843இல் ஆர்ஸை விட்டுக் கிளம்பிப் பிறந்த ஊருக்கே போய்விட்டார். ஜனங்கள் அங்கேயும் வந்து நின்றார்கள், திரும்பினார். 1853இல் மறுபடி ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினார். விஷயம் கசிந்து, கோயில் மணியை அடித்து ஊரையே எழுப்பிவிட்டார்கள். ஜனங்கள் வழியை மறித்து அழ, பேசாமல் திரும்பி வந்து தொட்டிக்குள் உட்கார்ந்துகொண்டார்.

எதிரிகளும் இல்லாமலில்லை. ஆரம்ப காலத்தில் அவர் நடத்தையைப் பற்றியே அபாண்டமான பழி சுமத்தினார்கள். பக்கத்துப் பங்குக் குருக்கள் சிலர், படிக்காத இவர் பாவசங்கீர்த்தனம் கேட்பதா என்று ஆயருக்கு மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் கடிதம் தவறி அவர் கைக்கே வந்தது. படித்துப் பார்த்து, அடியில் தன் கையெழுத்தையும் போட்டு அனுப்பிவிட்டார்! 1845இல் உதவிக் குருவாக வந்த ரெய்மோன் என்பவர் எட்டு வருஷம் அவரை எல்லோர் முன்பும் அதட்டிக்கொண்டே இருந்தார். இத்தனைக்கும் அவர் குருமடத்தில் படிக்க உதவியவர் வியான்னிதான். அவரை மாற்றும்படி வியான்னி கேட்கவில்லை.

பட்டம் பதவிகளும் தேடி வந்தன. 1852இல் ஆயர் கொடுத்த கௌரவ மேலாடையை ஐம்பது ஃபிராங்குக்கு விற்றுத் தர்மம் செய்துவிட்டார். 1855இல் அரசாங்கம் லீஜியன் ஆஃப் ஹானர் விருது அளித்தது. பட்டாளத்திலிருந்து ஒளிந்திருந்தவருக்குப் பேரரசின் பதக்கம்! அதை அவர் அணியவே இல்லை. படம் எழுதவும் சிலை செய்யவும் ஒத்துக்கொள்ளவில்லை. கபுஷே என்ற சிற்பி, தொப்பிக்குள் மெழுகை மறைத்து வைத்துக்கொண்டு, ஞானோபதேச நேரத்தில் திருட்டுத்தனமாக அவர் முகத்தை வடித்தாராம்.

கடைசி நாள்கள்

1859 ஜூலையில் கடும் வெயில். அந்த மாதக் கடைசிவரை வழக்கம்போலத் தொட்டியில் இருந்தவர், 30ஆம் தேதி விடியுமுன் எழுந்திருக்க முடியாமல் சாய்ந்தார். படுத்த படுக்கையிலும் சிலருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார். ஆகஸ்ட் 4ஆம் தேதி அதிகாலை இரண்டு மணிக்கு அமைதியாக இறந்தார். வயது 73.

1905இல் பத்தாம் பத்திநாதர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 1925 மே 31ஆம் தேதி பதினோராம் பத்திநாதர் புனிதராக அறிவித்தார். 1929இல் உலகப் பங்குக் குருக்கள் அனைவருக்கும் பாதுகாவலராக்கினார். 1986இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் ஆர்ஸுக்கே நேரில் சென்றார். அவர் இறந்த 150ஆம் ஆண்டை ஒட்டி 2009 முதல் 2010 வரை குருக்கள் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. எந்தக் குருமடம் வெளியே அனுப்பியதோ, அப்படிப்பட்ட குருமடங்களில் எல்லாம் இப்போது அவர்தான் முன்மாதிரி.

நமக்கு என்ன?

1973இல் திருச்சபை இந்த அருட்சாதனத்தின் சடங்குமுறையைப் புதுப்பித்தபோது, ஒப்புரவு என்ற பொருளை முன்னுக்குக் கொண்டுவந்தது. இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசவும் இடம் கொடுத்தது. பாவம் கடவுளோடு மட்டுமல்ல, பக்கத்திலிருப்பவனோடும் உள்ள உறவை முறிக்கிறது என்பது இதன் அடிப்படை. ஆகவே திருடியவன் பொருளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்; பெயரைக் கெடுத்தவன் அந்தப் பெயரைத் திரும்ப நாட்டப் பாடுபடவேண்டும். சொல்லியாச்சு, மன்னிப்பும் வாங்கியாச்சு, கணக்கு முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு போக முடியாது.

இதை ஆண்டு சந்திப்பு மலரில் ஏன் எழுதுகிறேன்? பழைய மாணவர் சந்திப்பு என்றாலே சந்தோஷம், குரூப் போட்டோ, சாப்பாடு. வாஸ்தவம்தான். ஆனால் ஒவ்வொரு பேட்சிலும், இன்னார் வருகிறார் என்றால் நான் வரவில்லை என்கிறவர் ஒருவராவது இருக்கிறார். யூனியன் எலெக்ஷனில் ஆரம்பித்த விரோதம், திருப்பித் தராத கடன், கல்யாணத்துக்குக் கூப்பிடாத வருத்தம், பார்ட்னர்ஷிப்பில் வந்த தகராறு. யார் பக்கம் நியாயம் என்று இரண்டு பேரிடமும் முழு ஃபைல் இருக்கிறது. வருஷம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

லத்தீன் வகுப்பில் அறை வாங்கிய இருபது வயது மாணவரிடமும் நியாயம் இருந்தது. அவர் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டிருந்தால் ஒரு நண்பரை இழந்திருப்பார், அவ்வளவுதான். இந்தச் சந்திப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரே ஒரு பெயரை மனசில் குறித்துக்கொண்டு வருவோம். அந்த ஆள் எந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்து, தட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்காருவோம். வரமுடியாதவராயிருந்தால் அலுவலகத்தில் நம்பர் வாங்கிக்கொள்ளலாம்.